பூச்சிமருந்துக் கடை உரிமம்: ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தொண்டியிலோ உச்சிப்புளியிலோ மருந்துக்கடை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "லைசென்ஸ் எடுத்துட்டா எந்தக் கம்பெனிச் சரக்கையும் வச்சுக்கலாம்ல?" வைக்க முடியாது. உரிமத்தோடு மருந்துகளின் பட்டியல் ஒன்று இணைந்திருக்கும். எந்தக் கம்பெனி, எந்த மருந்து, எத்தனை சதவீதம், என்ன வடிவம் என்று வரி வரியாக எழுதியிருக்கும். அதில் இல்லாத புட்டி ஒன்று அலமாரியில் இருந்தால், அந்தப் புட்டியைப் பொறுத்தவரை உங்களிடம் உரிமமே கிடையாது. ஆய்வில் சிக்கும் புதுக்கடைகள் பலவும் சறுக்குவது இங்கேதான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அந்தப் பட்டியலைப் பற்றியது.

யார் எதைத் தருகிறார்கள்

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும்தான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. பூச்சிக்கொல்லி என்று பெயர் இருந்தாலும் பூஞ்சாண மருந்து, களைக்கொல்லி, எலி மருந்து எல்லாமே அதற்குள் அடக்கம். டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், வேப்பங்கொட்டைச் சாற்றிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் ஆகியவையும் அப்படியே. "இயற்கை மருந்துதானே, இதுக்கு என்ன லைசென்ஸ்" என்று சொல்லிச் சரக்கை இறக்கிவிட்டுப் போகும் விற்பனைப் பிரதிநிதியை நம்பாதீர்கள்.

மருந்தைப் பதிவு செய்வது மாநில அரசின் வேலை இல்லை. அது ஃபரிதாபாத்தில் இருக்கும் மத்தியப் பதிவுக் குழுவின் வேலை. மருந்து வேலை செய்கிறதா, மனிதனுக்கும் கால்நடைக்கும் எவ்வளவு நஞ்சு என்ற தரவுகளைப் பார்த்து அவர்கள் பதிவு எண் தருவார்கள். மாநில வேளாண்மைத் துறை தருவது இரண்டு: தயாரிப்பவருக்குத் தயாரிப்பு உரிமம், விற்பவருக்கு விற்பனை உரிமம். பதிவு எண் இல்லாத மருந்துக்கு மாநிலம் உரிமம் தர முடியாது. பதிவு எண் இருந்தாலும் மாநில உரிமம் இல்லாமல் விற்க முடியாது.

சொந்தப் பெயரில் மருந்து இறக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே பதிவான மருந்தையே நீங்களும் தயாரிக்க, சட்டத்தின் 9(4) பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். புது மூலக்கூறு என்றால் 9(3). விண்ணப்பம் கிடைத்த 12 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 6 மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். அதன் பிறகுதான் மாநிலத்தின் தயாரிப்பு உரிமம். கடை நடத்தி இரண்டு பருவம் பார்க்காதவர் இதில் கால் வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

முதலில் படிப்பு, பிறகு கடை

முன்பணம் கொடுத்துக் கடையைப் பிடித்துவிட்டு, அப்புறம் தகுதியைப் பற்றி விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு விதித்திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் கேட்பவருக்கு வேளாண்மை, உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம், உயிர் அறிவியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் இருக்க வேண்டும். வேதியியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றோடு படித்த அறிவியல் பட்டமும் போதும். பயிர்ப் பாதுகாப்பைப் பிரதானப் பாடமாகக் கொண்ட ஓராண்டு வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டயமும் ஏற்கப்படும். உங்களுக்கு இல்லாவிட்டால் அப்படிப் படித்த ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு வைப்பது என்றால் நிஜமாகவே வைக்க வேண்டும். சான்றிதழை மட்டும் வாடகைக்கு வாங்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே சான்றிதழ் வேறொரு கடையின் கோப்பிலும் இருப்பது தெரிந்தால் இரண்டு கடைக்கும் சிக்கல். ஆய்வுக்கு வரும்போது அந்த ஆள் கடையில் இல்லாவிட்டாலும் கேள்வி வரும். நியமன ஆணையும் சம்பளம் கொடுத்த கணக்கும் கையில் இருக்கட்டும்.

ஹைதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் வடிவமைத்த 'டேசி' பட்டயம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். வாரம் ஒரு நாள் வகுப்பு, 48 வாரம். அதில் 8 நாள் வயல்வெளிப் பயிற்சி. நல்ல படிப்பு. ஆனால் அது ஏற்கெனவே கடை நடத்துபவர்களை மனத்தில் வைத்து வந்தது. அதை மட்டும் நம்பிப் புதுக்கடை தொடங்குவதாக இருந்தால், சேர்வதற்கு முன்பே உரிமம் வழங்கும் அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதன்மைச் சான்று: எல்லாம் தொங்கும் ஆணி

கடைக்காரர்கள் 'பி.சி.' (பிரின்சிபல் சர்டிபிகேட்) என்று சொல்வது இதைத்தான். நீங்கள் விற்கப் போகும் ஒவ்வொரு கம்பெனியும், "இன்னாருக்கு, இந்த முகவரியில் உள்ள கடையில், எங்களுடைய இன்னின்ன மருந்துகளை விற்க அனுமதி தருகிறோம்" என்று எழுதிக் கொடுக்கும் சான்று. அதைப் பார்த்துத்தான் உங்கள் உரிமத்தின் பட்டியல் தயாராகும். உரக்கடை நடத்தியவர்களுக்கு உரக் கம்பெனி தரும் ஓ படிவம் தெரிந்திருக்கும். அதே வேலைதான், ஆனால் இங்கே மருந்துக்கு மருந்து விவரம் கூடுதல்.

சான்று கைக்கு வந்ததும் அப்படியே கோப்பில் சேர்க்காதீர்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

உங்கள் பெயரும் கடைப் பெயரும் கதவு எண்ணும் வாடகை ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா? ஒப்பந்தத்தில் "4/112, கிழக்குத் தெரு", சான்றில் "கடற்கரைச் சாலை" என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பஞ்சாயத்து கதவு எண்ணை மாற்றியிருந்தால் புது வரி ரசீதை வாங்கி, அதிலுள்ள எண்ணையே எல்லா இடத்திலும் போடச் சொல்லுங்கள்.

கம்பெனியின் தயாரிப்பு உரிம எண்ணும் அது செல்லும் காலமும் இருக்கின்றனவா? மருந்து வடமாநிலத்தில் தயாராகி, விற்கும் கம்பெனி வேறாக இருப்பது உண்டு. புட்டியில் "தயாரிப்பு" என்ற இடத்தில் உள்ள பெயரையும் சான்றைக் கொடுத்த பெயரையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் இடையில் உள்ள தொடர்பைக் காட்டும் தாளைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். மதுரை மொத்த வியாபாரி தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது முதன்மைச் சான்று ஆகாது.

அடுத்தது சதவீதமும் வடிவமும்; மருந்துப் பெயருக்குப் பின் வரும் எண் சதவீதம், எழுத்து வடிவம். இமிடாகுளோபிரிட் என்ற ஒரே மருந்து 17.8 எஸ்.எல். என்று தெளிப்புக்கும், 70 டபிள்யூ.ஜி. என்று குருணையாகவும், 30.5 எஸ்.சி. என்று கரையானுக்கும், 48 எஃப்.எஸ். என்று விதை நேர்த்திக்கும் வருகிறது. நான்கும் நான்கு வரி. குளோரான்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்.சி.க்கு அனுமதி வாங்கிவிட்டு, நெல் குருத்துப்பூச்சிக்கு 0.4 ஜி.ஆர். குருணை மூட்டையை அடுக்கினால் அது பட்டியலில் இல்லாத சரக்கு. கம்பெனி ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆய்வாளருக்கு அப்படி இல்லை.

எத்தனை கம்பெனி வைப்பது? தொடக்கத்தில் மூன்று நான்கு போதும். உரிமக் கட்டணம் மருந்துக்கு மருந்து கணக்காகி ஓர் உச்சவரம்பில் நிற்கும் என்பதால், "எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுடலாம்" என்று தோன்றும். கட்டணம் பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு சான்றின் காலக்கெடுவையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும் என்பதுதான் பாரம். பதினைந்து கம்பெனி வைத்திருப்பவர்களிடம் எப்போதும் ஏதாவது ஒரு சான்று காலாவதியாகி இருக்கும். பிறகு புதுக் கம்பெனி சேர்க்க வேண்டுமென்றால் அதன் சான்றோடு விண்ணப்பித்து, அதையும் சேர்த்ததாக உரிமத்தில் குறிப்பு எழுதி வாங்க வேண்டும். குறிப்பு ஏறிய பிறகே சரக்கு வண்டியிலிருந்து இறங்க வேண்டும்.

கடற்கரையில் கடை, குடோன்

உணவுப் பொருளும் தீவனமும் இருக்கும் இடத்தில் மருந்து இருக்கக் கூடாது. தனி அறை, அல்லது சரக்கு குறைவென்றால் பூட்டுப் போட்ட தனி அலமாரி. அறை காய்ந்ததாக, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். மளிகைக் கடையின் பின்பக்கம் மறைப்புக் கட்டி மருந்து வைக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். கருவாட்டு மூட்டை அடுக்கிய குடோனில் பாதியை வாடகைக்கு எடுப்பதும் அதே கதைதான்.

'காய்ந்த அறை' என்பது பரமக்குடியில் எளிது, மண்டபத்தில் கடினம். உப்புக்காற்று இரும்பு ராக்கைத் தின்றுவிடும். ராக்கின் துரு புட்டி லேபிளில் இறங்கினால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் படிக்க முடியாமல் போகும். லேபிள் படிக்க முடியாத புட்டியை விற்கவும் முடியாது, கம்பெனிக்குத் திருப்பவும் முடியாது. மரம் அல்லது பிளாஸ்டிக் ராக்குக்குப் போங்கள். இரும்புதான் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை பெயிண்ட் அடியுங்கள். அட்டைப்பெட்டியைச் சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையில் நேரடியாக வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை வியர்க்கும். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. போன்ற குருணைப் பாக்கெட்டுகளும் நனையும் தூள்களும் ஈரத்தில் முதலில் கெடுபவை. கையில் அழுத்தினால் உள்ளே நறநறவென்று இருக்க வேண்டியது பிண்ணாக்கு மாதிரி கட்டியாக இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தனியே எடுத்துவிடுங்கள். அது தொட்டியில் கரையாது, தெளிப்பான் முனையை அடைக்கும், விவசாயி திரும்பி வந்து நிற்பார்.

இடம் பார்க்கும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். கடலேறு கோட்டிலிருந்து, அதாவது ஏற்ற அலை எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும்; அபாயகரமான பொருள்களைக் கையாளவும் சேமிக்கவும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மீனவக் கிராமத்தை ஒட்டிப் புதுக் குடோன் கட்டுவதற்கு முன் சர்வே எண்ணை வைத்து விசாரித்துவிடுங்கள். இரண்டாவது, ஊருணி. இந்த மாவட்டத்தில் ஊருணித் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஊருணிக்கோ கண்மாய் வரத்துக்காலுக்கோ சரிவாக இருக்கும் கட்டடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒரு புட்டி உடைந்து, கழுவிவிட்ட தண்ணீர் அங்கே போனால் உரிமம் போவது சின்ன விஷயம்.

விண்ணப்பம்

வேலையை ஆடிக்கு முன்பே தொடங்குங்கள். திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு நடக்கும்; மழை விழுந்ததும் களைக்கொல்லிக்கு ஆள் வரும். முண்டு மிளகாய்க்கு இலைப்பேன், சுருட்டை என்று கேட்டு வருவது அதற்குப் பிறகு. புரட்டாசியில் விண்ணப்பித்தால் அந்தப் பருவம் முழுவதும் காலிக் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் படியாக உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், சில்லறைக்கும் மொத்தத்துக்கும் யார் உரிம அலுவலர், விண்ணப்பத்தை எந்த வழியில் போட வேண்டும், கட்டணத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் கட்ட வேண்டும் என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். தவறான தலைப்பில் கட்டிய சலானைத் திருத்துவது புது உரிமம் வாங்குவதைவிடச் சிரமம். கோப்பில் இருக்க வேண்டியவை: விண்ணப்பம், புகைப்படம், அடையாளச் சான்று, கல்விச் சான்று, எல்லா முதன்மைச் சான்றுகளும், வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்துவரி ரசீது, கடைக்கும் குடோனுக்கும் அளவு போட்ட வரைபடம், கட்டண ரசீது. வரைபடத்தில் குடோனை விட்டுவிட்டுக் கடையை மட்டும் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பல இடங்களில் விற்றால் இடத்துக்கு ஓர் உரிமம் வேண்டும். தேவிபட்டினத்து உரிமத்தை வைத்துத் திருப்பாலைக்குடியில் கிளை திறக்க முடியாது.

பிறகு அலுவலர் நேரில் பார்க்க வருவார். அன்றைக்கு அறை காலியாக இருப்பதே நல்லது. "உரிமம் எப்படியும் வந்துடும்" என்று சரக்கை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால், உரிமம் இல்லாமல் இருப்பு வைத்த குற்றத்தை நீங்களே கண்காட்சி வைத்த மாதிரி ஆகும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமம் வந்த பிறகு

உரிமத்தை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் பில் வேண்டும், அதில் பேட்ச் எண்ணும் இருக்கட்டும். ஒவ்வொரு மருந்துக்கும் தனிப் பக்கமாக இருப்புப் பதிவேடு. அதில் இருப்பதும் ராக்கில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். மாத அறிக்கையைத் தவறாமல் கொடுங்கள். அரை லிட்டர் புட்டியை உடைத்து நூறு மில்லியாக ஊற்றிக் கொடுப்பது கூடவே கூடாது. கேட்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சின்ன பேக்கைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.

காலாவதியான சரக்கைத் தனி இடத்தில் ஒதுக்கி, "விற்பனைக்கு அல்ல" என்று முத்திரை குத்தி வைக்க வேண்டும். ராக்கில் மற்றவற்றோடு கலந்திருந்தால், "ரிட்டர்ன் அனுப்பத்தான் வச்சிருக்கேன்" என்ற பதில் செல்லாது. மாதத்தில் ஒரு நாள் எல்லாத் தேதியையும் பாருங்கள். மூன்று மாதம் மிச்சமிருக்கும்போதே திருப்பி அனுப்பப் பேசுங்கள்.

ஆய்வாளர் மாதிரி எடுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடைமுறை தெரிந்தால் போதும். எடுத்த மாதிரிக்கு விலை கொடுப்பார். மூன்றாகப் பிரித்து முத்திரையிட்டு ஒன்றை உங்களிடம் தருவார், ஒன்று பகுப்பாய்வுக்கு, இன்னொன்று நீதிமன்றத்துக்கு. உங்கள் பங்கைப் பத்திரமாகப் பூட்டி வையுங்கள், முத்திரை கலையக் கூடாது. தரக்குறைவு என்று அறிக்கை வந்தால், அது கையில் கிடைத்த 28 நாளுக்குள் எதிர்ச்சான்று காட்டப் போவதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த 28 நாளைத் தூங்கவிட்டால் அறிக்கையே முடிந்த முடிவு. குற்றம் உறுதியானால் முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் கடைக்காரரைக் காப்பாற்றுவது 30(3) பிரிவு. உரிமம் பெற்றவரிடமிருந்து முறையாக வாங்கினேன், குறை இருப்பது எனக்குத் தெரியவும் தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை, வாங்கியபடியே ஒழுங்காக வைத்திருந்தேன் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். முதலாவதற்குக் கொள்முதல் பில், மூன்றாவதற்கு, முன்னால் சொன்ன காய்ந்த அறை. பில் இல்லாமல் இரண்டு ரூபாய் மலிவாக வரும் சரக்கை வாங்குபவர் இந்தப் பாதுகாப்பை அந்த இரண்டு ரூபாய்க்கு விற்றுவிடுகிறார்.

விற்கக் கூடாதவை, இந்தக் கரையில் கேட்டு வருபவை

எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. டைகுளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ் முதலியவை 2020ஆம் ஆண்டோடு போயின. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல்.லுக்கு 2023இல் தடை வந்து, இருப்பைத் தீர்க்க ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை தமிழ்நாட்டில் தடை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அரசு அமைப்புகளுக்கும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களுக்கும் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. பழைய கடையை இருப்போடு வாங்குபவர்கள் விலை பேசும் முன் இந்தப் பெயர்களை ராக்கில் தேடுங்கள். மாநில அரசு தன் அதிகாரத்தில் ஒரு மருந்தை 60 நாள் வரை நிறுத்தி வைக்கவும் முடியும்; தற்கொலைகளைக் குறைக்க அப்படி ஆறு மருந்துகளைத் தமிழ்நாடு நிறுத்தி வைத்ததுண்டு. அறிவிப்பு வந்த அன்றே அவற்றை எடுத்துத் தனியே பூட்டுங்கள்.

கடல்பாசிச் சாறு இந்தப் பக்கம் நிறைய ஓடும். பயிர் ஊக்கி என்றால் அது பூச்சிமருந்துச் சட்டத்தில் வராது. 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது, அதற்கான ஆவணங்கள் தனி. அதே புட்டியில் "இலைப்பேனைக் கட்டுப்படுத்தும்" என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் அது பூச்சிமருந்து, பதிவு எண் வேண்டும். லேபிளின் பின்பக்கத்தையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

இறால் பண்ணைக்காரர் குளத்தில் நண்டையும் களைமீனையும் கொல்ல மருந்து கேட்டு வருவார். எந்தப் புட்டியின் லேபிளிலும் அப்படி ஒரு பயன்பாடு இல்லையென்றால் கொடுக்காதீர்கள். செயற்கைப் பைரத்திராய்டு வகைப் பூச்சிமருந்து ஒரு துளி பக்கத்துப் பண்ணைக்குப் போனாலும் இறால் மிதக்கும்; பில்லில் உங்கள் கடைப்பெயர் இருக்கும்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈக்கு எது நல்ல மருந்து என்று உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் கேட்பார்கள். கடுமையான மருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்னும் என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும். மஞ்சள் ஒட்டும் பொறியைக் கொடுங்கள், விசைத் தெளிப்பானால் ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லுங்கள், ஓலையில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை போதும். இதற்கெல்லாம் உரிமமும் தேவையில்லை.

கடைசியாகக் கருவாட்டு ஈ. பாம்பன், மண்டபம் பக்கம் காயப்போட்ட மீனில் ஈ மொய்க்கிறது என்று கேட்டு வருபவருக்கு எந்த மருந்தையும் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். உண்ணும் பொருளின் மேல் தெளிக்கவென்று பதிவான மருந்து எதுவும் உங்கள் ராக்கில் இருக்காது. மீன் எடையில் மூன்றில் ஒரு பங்கு உப்பு போடுவது, மணலில் பரப்பாமல் உயரமான தட்டில் காயப்போடுவது, மேலே வலை மூடுவது ஆகிய மூன்றையும் சொல்லி அனுப்புங்கள். அவர் வேறு கடைக்குப் போவார்தான், போகட்டும்.